பொருளாதாரப் பின்னடைவில் அரசு வேலைகள்: விலக்கா, தாமதமா?

அமெரிக்காவில் 2007 ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கி 2009 ஆம் ஆண்டு ஜூன் வரை நீடித்த பொருளாதாரப் பின்னடைவின்போது தனியார் துறை லட்சக்கணக்கான வேலைகளை இழந்தது. அதே காலத்தில் அரசுத் துறையில் பணிபுரிவோரின் எண்ணிக்கை சற்றே உயர்ந்தது.

இந்த முரண்பாடு அங்கு பெரும் அரசியல் விவாதமாக உருவெடுத்தது. வரி செலுத்தும் தனியார் ஊழியர் வேலையிழந்து நிற்கையில், அந்த வரியிலிருந்து ஊதியம் பெறும் அரசு ஊழியர் மட்டும் பாதுகாப்பாக இருப்பது நியாயமா என்று ஒரு தரப்பினர் கேட்டனர். அரசு வேலைகளும் சேர்ந்து சரிந்திருந்தால் நெருக்கடி மேலும் மோசமடைந்திருக்கும் என்று மறுதரப்பினர் வாதிட்டனர்.

அரைக்காசு உத்தியோகம் என்றாலும் அரசாங்க உத்தியோகம் என்ற பழமொழியைக் கேட்டு வளர்ந்த தமிழர்களுக்கு இந்த விவாதம் அந்நியமானதல்ல. அரசு வேலை என்றால் நிரந்தரம் என்ற எண்ணம் பல சமூகங்களில் வேரூன்றியிருக்கிறது.

ஆனால் அந்தப் பின்னடைவுக்குப் பிந்தைய ஆண்டுகளின் புள்ளிவிவரங்களையும் சேர்த்துப் பார்க்கும்போது வேறொரு சித்திரம் கிடைக்கிறது. நெருக்கடி அரசு ஊழியர்களையும் சென்றடைந்தது; ஆனால் ஓரிரு ஆண்டுகள் தாமதித்து, நாட்டின் பிற பகுதிகள் மீண்டெழத் தொடங்கிய பின்னரே சென்றடைந்தது.

எண்கள் கூறுவது என்ன?

அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரப் பணியகம் விவசாயம் தவிர்ந்த துறைகளில் ஊதியம் பெறுவோரின் எண்ணிக்கையை மாதந்தோறும் வெளியிடுகிறது. இந்தக் கணக்கின்படி 2008 ஆம் ஆண்டு ஜனவரியில் சுமார் 13 கோடியே 84 லட்சமாக இருந்த மொத்த வேலைகள், 2010 ஆம் ஆண்டு பிப்ரவரியில் சுமார் 12 கோடியே 97 லட்சமாகச் சரிந்தன.

அதாவது மொத்த இழப்பு சுமார் 87 லட்சம். ஆனால் தனியார் துறையை மட்டும் தனித்துப் பார்த்தால் இழப்பு சுமார் 88 லட்சம். இவ்விரு எண்களுக்கும் இடையிலான வேறுபாடுதான் அக்காலத்தில் அரசு வேலைகளில் ஏற்பட்ட சிறு அதிகரிப்பு.

2008 செப்டம்பரில் லீமன் பிரதர்ஸ் முதலீட்டு வங்கி வீழ்ந்த பின்னர் நிலைமை வேகமாக மோசமடைந்தது. 2009 ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் மாதத்துக்குச் சுமார் 7 லட்சம் பேர் என்ற அளவில் வேலையிழப்பு நிகழ்ந்தது. வேலையில்லாதோர் விகிதம் 2009 அக்டோபரில் 10 சதவீதத்தைத் தொட்டது.

இந்தச் சுமை எல்லாத் துறைகள் மீதும் சமமாக விழவில்லை. தொழிற்சாலை உற்பத்தித் துறை 20 லட்சத்துக்கும் அதிகமான வேலைகளை இழந்தது. வீட்டு விலைகள் சரிந்ததால் கட்டுமானத் துறையில் சுமார் 20 லட்சம் வேலைகள் மறைந்தன. சுற்றுலா ஊர்திகள் தயாரிப்பை நம்பியிருந்த இந்தியானா மாநிலத்தின் எல்க்கார்ட் பகுதியில், ஓராண்டு காலத்தில் வேலையின்மை விகிதம் 5 சதவீதத்துக்கும் கீழிருந்து 15 சதவீதத்துக்கும் மேலே சென்றது.

அதேவேளை தனியார் துறைக்குள்ளேயே மருத்துவத்துறை வேலைகள் பின்னடைவுக் காலம் முழுவதும் தொடர்ந்து அதிகரித்தன. இத்துறையின் வருவாயில் கணிசமான பகுதி முதியோருக்கும் வறியோருக்குமான அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களிலிருந்து வருகிறது. யாருடைய ஊதியம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கத் தொடங்கினால், அரசு வேலை, தனியார் வேலை என்ற எல்லைக்கோடு அவ்வளவு தெளிவாக இருப்பதில்லை.

அரசு ஊழியர் என்பவர் யார்?

அரசு ஊழியர் என்றதும் பலருக்கும் தலைநகர் வாஷிங்டனின் அலுவலகங்களே நினைவுக்கு வருகின்றன. உண்மையில் 2007 ஆம் ஆண்டின் இறுதியில் இருந்த சுமார் 2 கோடியே 24 லட்சம் அரசு வேலைகளில், மத்திய அரசின் பங்கு அஞ்சல் துறையையும் சேர்த்துச் சுமார் 27 லட்சம் மட்டுமே. மாநில அரசுகளில் சுமார் 51 லட்சம் பேரும், மாவட்ட, நகர நிர்வாகங்களும் பள்ளி நிர்வாகங்களும் அடங்கிய உள்ளாட்சி அமைப்புகளில் சுமார் 1 கோடியே 45 லட்சம் பேரும் பணிபுரிந்தனர்.

இவர்கள் அனைவரிலும் ஏறத்தாழ பாதிப்பேர் கல்வித்துறையைச் சேர்ந்தவர்கள். அரசுப் பள்ளி ஆசிரியர்கள், பள்ளிப் பேருந்து ஓட்டுநர்கள், மதிய உணவுப் பணியாளர்கள், மாநிலப் பல்கலைக்கழக ஊழியர்கள் ஆகியோர் இதில் அடங்குவர். எஞ்சியோரில் காவல்துறையினர், தீயணைப்புப் படையினர், சிறைக் காவலர்கள், அரசு மருத்துவமனைச் செவிலியர்கள் எனப் பலர் உள்ளனர்.

இக்கணக்கில் சேராதவர்களும் இருக்கின்றனர். ஆயுதப் படையினர் இதில் அடங்குவதில்லை. அரசுப் பணிகளை ஒப்பந்தத்தில் எடுத்துச் செய்யும் நிறுவனங்களின் ஊழியர்கள், அரசுப் பணத்திலேயே ஊதியம் பெற்றாலும், தனியார் துறையினராகவே கணக்கிடப்படுகிறார்கள்.

மறுபுறம், அஞ்சல் துறை வரிப்பணத்தில் அல்லாமல் தபால் கட்டண வருவாயிலேயே பெருமளவு இயங்கினாலும் அதன் ஊழியர்கள் அரசுக் கணக்கில் வருகிறார்கள். பின்னடைவால் நிறுவனங்கள் அனுப்பும் தபால்களும் விளம்பரங்களும் குறைந்தபோது அஞ்சல் துறையின் வருவாய் உடனடியாகச் சரிந்தது. 2007க்கும் 2010க்கும் இடையில் அங்கு ஒரு லட்சத்துக்கும் அதிகமான பணியிடங்கள் குறைந்தன.

அதாவது, வருவாய் உடனடியாகக் குறைந்த இடத்தில் அரசு வேலையும் உடனடியாகக் குறைந்தது. பிற அரசு அமைப்புகள் ஏன் தாக்குப்பிடித்தன என்பதற்கான விடை இதிலேயே இருக்கிறது.

ஏன் உடனே குறையவில்லை?

ஒரு தொழிற்சாலைக்கு வரும் கொள்முதல் ஆணைகள் நின்றுவிட்டால், அடுத்த சில வாரங்களில் ஆட்குறைப்பு தொடங்கிவிடும். பள்ளிக்கூடத்தின் நிலை அவ்வாறானதல்ல. பொருளாதாரம் சரிந்தாலும் பிள்ளைகள் பள்ளிக்கு வருகிறார்கள். வேலையின்மைக் கொடுப்பனவுக்கும் உணவு உதவிக்கும் விண்ணப்பிப்போரின் எண்ணிக்கை அதிகரிப்பதால், சில அரசு அலுவலகங்களின் பணிச்சுமை பின்னடைவுக் காலத்தில் கூடவே செய்கிறது.

இரண்டாவது காரணம் வரி வசூலின் காலக்கணக்கு. அமெரிக்க உள்ளாட்சி அமைப்புகளின் சொந்த வரி வருவாயில் பெரும்பங்கு சொத்து வரியிலிருந்து கிடைக்கிறது. வீட்டின் சந்தை விலை விழுந்தாலும், வரி விதிப்புக்கான மதிப்பீடு மாற்றப்பட்டு வசூல் குறைவதற்குப் பொதுவாக இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் ஆகின்றன. எனவே 2007, 2008 ஆம் ஆண்டுகளின் விலைச் சரிவு 2010 அளவில்தான் நகரசபைகளின் கஜானாவை எட்டியது.

மாநில அரசுகள் பெரிதும் நம்பியிருப்பது வருமான வரியையும் விற்பனை வரியையும். இவை விரைவாகவே சரிந்தன. 2009 ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில், மாநிலங்களின் வரி வருவாய் முந்தைய ஆண்டின் அதே காலாண்டை விட 16 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. ஆனால் பெரும்பாலான மாநிலங்களில் நிதியாண்டு ஜூலை முதல் தேதி தொடங்குகிறது. ஏற்கெனவே ஒதுக்கப்பட்ட நிதியில் அந்த ஆண்டு ஓடிவிடும். வெட்டு அடுத்த ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில்தான் முழுமையாக வெளிப்படும்.

மூன்றாவதும் முக்கியமானதுமான காரணம், வாஷிங்டனிலிருந்து வந்த உதவி. வெர்மான்ட் தவிர்ந்த 49 மாநிலங்களில், வரவுக்குள் செலவை அடக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு ஏதோ ஒரு வடிவில் உண்டு. கடன் வாங்கிச் சமாளிக்கும் வசதி மத்திய அரசுக்கே இருக்கிறது.

2009 பிப்ரவரி 17 ஆம் தேதி அதிபர் பராக் ஒபாமா கையெழுத்திட்ட பொருளாதார ஊக்குவிப்புச் சட்டத்தின் மதிப்பு அப்போது 78,700 கோடி டாலர் என மதிப்பிடப்பட்டது. அதில் 5,360 கோடி டாலர், பெரும்பாலும் கல்விச் செலவுக்காக மாநிலங்களின் நிதியை நிலைப்படுத்தும் திட்டத்துக்கு ஒதுக்கப்பட்டது. வறியோருக்கான மருத்துவக் காப்பீட்டில் மத்திய அரசின் பங்கும் தற்காலிகமாக உயர்த்தப்பட்டது. 2010 ஆகஸ்டில் மேலும் 2,600 கோடி டாலர் வழங்கப்பட்டது.

இந்த உதவிகள் ஆசிரியர்களின் பணிநீக்கத்தைப் பெருமளவு தள்ளிப்போட்டன. ஆனால் அவை தற்காலிகமானவை.

மே 2010: ஒரு மாதத்து மாயை

2010 ஆம் ஆண்டு மே மாதத்துக்கான வேலைவாய்ப்பு அறிக்கை, ஒரே மாதத்தில் 4 லட்சத்து 31 ஆயிரம் வேலைகள் உருவானதாகத் தெரிவித்தது. பின்னடைவு தொடங்கிய பிறகு காணப்படாத அதிகரிப்பு அது. ஆயினும் பங்குச் சந்தை அன்று பெரும் வீழ்ச்சி கண்டது.

காரணம், அவற்றில் 4 லட்சத்து 11 ஆயிரம் வேலைகள் பத்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக எடுக்கப்பட்ட தற்காலிகப் பணிகள். தனியார் துறையில் கூடியது 41 ஆயிரம் மட்டுமே. வீடுவீடாகச் சென்று படிவம் நிரப்பிய அந்தப் பணியாளர்கள், கோடைக்காலம் முடிவதற்குள் மீண்டும் வேலை தேடுவோர் ஆனார்கள்.

அரசு வேலைகள் பெருகுகின்றன என்று அக்காலத்தில் சுட்டிக்காட்டப்பட்ட எண்களில் கணிசமான பகுதி இந்தக் கணக்கெடுப்புப் பணிகளால் ஏற்பட்டது.

தாமதமாக விழுந்த வெட்டு

தனியார் துறை வேலைகள் 2010 ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து மெல்ல அதிகரிக்கத் தொடங்கின. 2014 மார்ச்சில் தனியார் துறை தான் இழந்த வேலைகள் அனைத்தையும் எண்ணிக்கையளவில் மீட்டெடுத்தது.

மாநில, உள்ளாட்சி அரசுகளின் பாதை இதற்கு நேரெதிராக இருந்தது. 2008 ஆம் ஆண்டில் உச்சத்தில் இருந்த அவற்றின் பணியாளர் எண்ணிக்கை, 2013 அளவில் சுமார் 7 லட்சம் குறைந்திருந்தது. இதில் 3 லட்சத்துக்கும் மேற்பட்டவை உள்ளூர்க் கல்வித்துறைப் பணியிடங்கள். 2012 ஜூன் மாதத்தில் அதிபர் ஒபாமா, தனியார் துறை நன்றாகவே இருக்கிறது என்றும் பலவீனம் மாநில, உள்ளாட்சி அரசுகளில்தான் என்றும் கூறியது, அவ்வாண்டுத் தேர்தல் பிரச்சாரத்தில் அவரது எதிராளிகளுக்கு ஆயுதமானது. இரண்டு கோடிப் பேருக்கும் மேல் முழுநேர வேலையின்றித் தவித்த நேரத்தில் அந்தச் சொற்கள் பலரைப் புண்படுத்தின. எனினும் வேலைகள் எந்தத் திசையில் நகர்கின்றன என்ற அளவில் அவர் குறிப்பிட்ட போக்கு புள்ளிவிவரங்களில் காணப்பட்டதே.

வேலை எண்ணிக்கையில் தெரியாத இழப்புகளும் இருந்தன. கலிபோர்னியாவில் 2009 பிப்ரவரி முதல் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான மாநில ஊழியர்கள் மாதத்துக்கு இரண்டு வெள்ளிக்கிழமைகள் ஊதியமில்லா விடுப்பில் செல்லுமாறு பணிக்கப்பட்டனர். ஜூலையில் அது மூன்று நாட்களானது. அதே மாதத்தில் அம்மாநில அரசு தன்னிடம் பணம் பெறவேண்டிய பலருக்குப் பணத்துக்குப் பதிலாகக் கடன் பத்திரங்களை வழங்கியது.

ஹவாய் மாநிலத்தில் 2009-2010 கல்வியாண்டில் 17 வெள்ளிக்கிழமைகள் அரசுப் பள்ளிகள் மூடப்பட்டன. ஊதியம் குறைந்த அந்த ஆசிரியர்கள் ஒருவர்கூட வேலையிழந்தோர் கணக்கில் வரவில்லை. வேலைக்குச் செல்லும் பெற்றோர் அந்நாட்களில் பிள்ளைகளை எங்கு விடுவது என்று தெரியாமல் திண்டாடியதும் எந்தக் கணக்கிலும் வரவில்லை.

யார் வெளியேற்றப்பட்டார்கள் என்பதும் கவனிக்கத்தக்கது. பல பள்ளி நிர்வாகங்களில், கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் வெளியேற வேண்டும் என்பது விதி. எனவே இளம் ஆசிரியர்களே முதலில் பாதிக்கப்பட்டார்கள். பின்னடைவின்போது கட்டுமானத்திலும் தொழிற்சாலைகளிலும் வேலையிழந்தோரில் பெரும்பாலானோர் ஆண்கள். பின்னர் அரசுத் துறையில் நிகழ்ந்த வெட்டில் பெண்கள் பெருமளவில் பாதிக்கப்பட்டார்கள். தலைமுறை தலைமுறையாக அரசு வேலை வழியாக நடுத்தர வாழ்க்கையை எட்டிவந்த கறுப்பின மக்களும் இதனால் விகிதாசாரத்துக்கு மேல் பாதிப்புற்றனர்.

விஸ்கான்சின் மாநிலத்தில் 2011 ஆம் ஆண்டு ஆளுநர் ஸ்காட் வாக்கர், பெரும்பாலான அரசு ஊழியர்களின் கூட்டுப்பேர உரிமையைக் கடுமையாகக் குறைத்தபோது, மாநிலச் சட்டமன்றக் கட்டடத்தை ஆயிரக்கணக்கானோர் வாரக்கணக்கில் முற்றுகையிட்டனர். 2013 ஜூலையில் திவால் மனு தாக்கல் செய்த டெட்ராயிட் நகரில், ஓய்வுபெற்ற பொது ஊழியர்களின் ஓய்வூதியமே 4.5 சதவீதம் வெட்டப்பட்டது. விலைவாசிக்கேற்ற வருடாந்த உயர்வும் நிறுத்தப்பட்டது. அரசு ஊழியரின் ஓய்வூதியம் தொடமுடியாதது என்ற நம்பிக்கையும் அத்துடன் ஆட்டம் கண்டது.

அரசு வேலை தனியார் வேலையைப் பறிக்கிறதா?

பொருளியல் அறிஞர்களிடையே இதில் ஒருமித்த கருத்து இல்லை.

அரசு ஆட்களை அமர்த்தும்போது, அதற்கான வரியாலும், ஊதியப் போட்டியாலும் தனியார் துறை சுருங்குகிறது என்பது ஒரு வாதம். யான் அல்கான், பியர் காயு, அந்திரே சில்பர்பெர்க் ஆகிய மூவர் 2002 இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. செல்வந்த நாடுகளின் 1960 முதல் 2000 வரையிலான அனுபவத்தை ஆராய்ந்த அவர்கள், சராசரியாக 100 அரசு வேலைகள் உருவாகும்போது சுமார் 150 தனியார் வேலைகள் மறைந்திருக்கலாம் என்று மதிப்பிட்டனர்.

அந்த முடிவு நாற்பதாண்டுகளின் சராசரி. லட்சக்கணக்கானோர் வேலையின்றி இருக்கும் பின்னடைவுக் காலத்தில், அரசு அமர்த்தும் ஆள் தனியார் நிறுவனத்திடமிருந்து பறிக்கப்பட்டவராக இருக்க வேண்டிய அவசியமில்லை என்பது எதிர்வாதம். ஊதியம் பெறும் ஆசிரியர் கடையில் செலவழிக்கிறார். கடைக்காரரின் வேலை நிலைக்கிறது.

இதைப் பரிசோதிக்க 2009 ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு வாய்ப்பை அளித்தது. மருத்துவக் காப்பீட்டுக்காக மாநிலங்களுக்கு வெவ்வேறு அளவில் கிடைத்த கூடுதல் நிதியை ஒப்பிட்டு, கேப்ரியல் சோடரோ-ரைக் உள்ளிட்ட நால்வர் 2012 இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஒவ்வொரு லட்சம் டாலர் உதவியும் ஒருவருக்கு ஓராண்டு வேலை என்ற கணக்கில் 3.8 வேலைகளைத் தந்ததாகவும், அவற்றில் 3.2 வேலைகள் அரசு, மருத்துவம், கல்வி ஆகியவற்றுக்கு வெளியே இருந்ததாகவும் அவர்கள் கண்டனர். அரசுகளின் கையைக் கட்டாமல் விட்டதன் பலன், பெரும்பாலும் தனியார் ஊழியர்களுக்கே போய்ச் சேர்ந்தது என்பது இதன் பொருள்.

இதற்கு மாறாக, மாநிலங்கள் அந்த நிதியைப் புதிய செலவுக்குப் பயன்படுத்தாமல் தங்கள் கடனைக் குறைக்கவே பயன்படுத்தின என்று ஜான் டெய்லர், ஜான் கோகன் ஆகியோர் வாதிட்டனர். நாடாளுமன்றத்தின் வரவு செலவு ஆய்வு அலுவலகம், ஊக்குவிப்புச் சட்டத்தால் 2010 ஆம் ஆண்டின் இரண்டாம் காலாண்டில் வேலையில் இருப்போரின் எண்ணிக்கை 14 லட்சம் முதல் 33 லட்சம் வரை கூடுதலாக இருந்ததாக மதிப்பிட்டது. இந்த இடைவெளியின் அகலமே, இத்தகைய மதிப்பீடுகள் எவ்வளவு கடினமானவை என்பதைக் காட்டுகிறது.

அரசு நேரடியாக வேலை வழங்கிய முன்னுதாரணமும் அமெரிக்காவில் உண்டு. 1935 இல் தொடங்கிய அதிபர் ரூஸ்வெல்ட்டின் பொதுப்பணித் திட்டம், 1938 ஆம் ஆண்டின் இறுதியில் சுமார் 33 லட்சம் பேருக்கு வேலை அளித்தது. பாலங்களும் பள்ளிகளும் கட்டிய அவர்களை, பின்னாளில் தொகுக்கப்பட்ட புள்ளிவிவரங்கள் நெடுங்காலம் வேலையில்லாதோராகவே கணக்கிட்டன.

ஊதியம் பற்றிய சர்ச்சை

வேலைப் பாதுகாப்பு குறித்த கோபம் விரைவில் ஊதியம் குறித்த கோபமாகவும் மாறியது. 2010 நவம்பரில் அதிபர் ஒபாமா மத்திய அரசு ஊழியர்களுக்கு இரண்டாண்டு ஊதிய உயர்வு நிறுத்தத்தை அறிவித்தார். அது பின்னர் 2013 வரை நீட்டிக்கப்பட்டது.

வரவு செலவு ஆய்வு அலுவலகம் 2012 ஜனவரியில் வெளியிட்ட ஒப்பீடு, இரு தரப்பினரும் சொன்னவற்றில் பாதி உண்மை இருப்பதைக் காட்டியது. ஒத்த தகுதியுள்ள தனியார் ஊழியர்களை விட, மத்திய அரசு ஊழியர்கள் ஊதியமும் சலுகைகளும் சேர்த்துச் சராசரியாக 16 சதவீதம் அதிகம் பெற்றனர். பள்ளிப் படிப்போடு நின்றவர்களுக்கு இந்த அனுகூலம் 36 சதவீதம். ஆனால் முனைவர் பட்டமோ தொழில்சார் உயர்பட்டமோ பெற்றவர்கள், தனியார் துறையில் இருப்போரை விட 18 சதவீதம் குறைவாகவே பெற்றனர்.

அதாவது, கல்வி குறைந்தவர்களுக்கு அரசு வேலை ஒரு கேடயமாக இருந்தது. உயர்கல்வி கற்றவர்களோ, பாதுகாப்புக்காக ஊதியத்தின் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தவர்களாக இருந்தனர்.

குடியேறியவர்களுக்கு இல்லாத கேடயம்

அமெரிக்காவில் வாழும் தமிழர்களில் பலருக்கு இந்தத் தெரிவே இருக்கவில்லை. 1976 ஆம் ஆண்டு அதிபர் ஆணை ஒன்றின்படி, போட்டி அடிப்படையிலான மத்திய அரசுப் பணிகளுக்குப் பொதுவாக அமெரிக்கக் குடிமக்களை மட்டுமே நியமிக்க முடியும். மாநிலப் பல்கலைக்கழகங்கள் போன்ற சில இடங்கள் திறந்திருந்தாலும், எச்-1பி விசாவில் சென்ற மென்பொருள் வல்லுநர்களில் பெரும்பாலோர் தனியார் நிறுவனங்களையே நம்பியிருந்தனர்.

அவர்களுக்கு வேலையிழப்பு என்பது ஊதிய இழப்போடு முடிவதில்லை. வேலை போனால் அந்நாட்டில் தங்கும் உரிமையும் போகும். 2017 ஜனவரியில் 60 நாள் அவகாசம் விதியாக்கப்படும் வரை, அத்தகைய சட்டபூர்வமான கால அவகாசம் இருக்கவில்லை. பிள்ளைகளின் பள்ளி ஆண்டு முடிவதற்குள்ளும், வீட்டுக் கடன் பாதியில் நிற்கும்போதும் ஊர் திரும்புவதா என்ற கேள்வியைப் பல குடும்பங்கள் எதிர்கொண்டன. வேலையின்மைக் கொடுப்பனவும் அவர்களுக்குப் பெரும்பாலும் எட்டாததாக இருந்தது.

2009 ஆம் ஆண்டு ஊக்குவிப்புச் சட்டத்திலேயே, அரசின் மீட்பு நிதியைப் பெற்ற வங்கிகள் எச்-1பி விசாவில் புதிதாக ஆட்களை எடுப்பதற்கு இரண்டாண்டு காலக் கூடுதல் கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டன. சந்தையின் நிலையை விசா எண்ணிக்கையே காட்டியது. 2008 ஏப்ரலில் முதல் ஐந்து நாட்களில் ஒதுக்கீட்டை விட மிக அதிகமான விண்ணப்பங்கள் குவிந்து குலுக்கல் நடத்தப்பட்டது. அடுத்த ஆண்டில் அதே ஒதுக்கீடு நிரம்புவதற்கு டிசம்பர் மாதம் வரை ஆனது.

பிரிட்டன்: பெயர்ப்பலகை மாறிய வேலைகள்

அரசு, தனியார் எண்களை ஒப்பிடுவதில் உள்ள ஆபத்தை பிரிட்டனின் அனுபவம் தெளிவாக்குகிறது. 2008 ஆம் ஆண்டு இறுதியில் ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து, லாயிட்ஸ் ஆகிய வங்கிக் குழுமங்களை அரசு மீட்டபோது, அவற்றின் சுமார் இரண்டு லட்சம் ஊழியர்கள் புள்ளிவிவரத்தில் பொதுத்துறை ஊழியர்கள் ஆனார்கள். அதே மேசை, அதே வேலை. ஆனால் எண்கள் பொதுத்துறை வளர்ந்ததாகவும் தனியார் துறை சுருங்கியதாகவும் காட்டின.

2012 இல் இதற்கு நேர்மாறானது நடந்தது. இங்கிலாந்தின் உயர்நிலைத் தொழிற்கல்லூரிகளில் பணிபுரிந்த சுமார் 1 லட்சத்து 96 ஆயிரம் பேர், வகைப்பாடு மாறியதால் ஒரே நாளில் தனியார் துறைக்கு மாற்றப்பட்டனர்.

இவற்றுக்கிடையே உண்மையான வெட்டும் நிகழ்ந்தது. 2010 அக்டோபரில் டேவிட் கேமரன் தலைமையிலான கூட்டணி அரசு அறிவித்த செலவுக் குறைப்பால், 2014-2015க்குள் 4 லட்சத்து 90 ஆயிரம் பொதுத்துறை வேலைகள் மறையும் என்று அப்போது கணிக்கப்பட்டது. அமெரிக்காவில் கண்ட அதே வரிசையே இங்கும் காணப்பட்டது: முதலில் தனியார், பின்னர் அரசு.

2020க்குப் பிறகு

கொரோனா பெருந்தொற்று இந்த வரிசையை ஓரளவு மாற்றியது. 2020 பிப்ரவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில் அமெரிக்கா சுமார் 2 கோடியே 20 லட்சம் வேலைகளை இழந்தது. பள்ளிகள் மூடப்பட்டதால், இம்முறை மாநில, உள்ளாட்சி அரசுகளிலும் சில வாரங்களிலேயே சுமார் 15 லட்சம் வேலைகள் போயின.

2010களின் அனுபவத்தைக் கருத்தில் கொண்டு, 2021 மார்ச் மாத நிவாரணச் சட்டம் மாநில, உள்ளாட்சி அரசுகளுக்கு 35,000 கோடி டாலரை ஒதுக்கியது. ஆயினும் தனியார் துறை 2022 ஆம் ஆண்டிலேயே பழைய நிலையை எட்ட, மாநில, உள்ளாட்சி அரசுகள் அதை எட்ட 2023 ஆம் ஆண்டின் பிற்பகுதி வரை ஆனது. இம்முறை பணம் இருந்தும், தனியார் நிறுவனங்கள் விரைவாக உயர்த்திய ஊதியத்தோடு போட்டியிட அரசு அமைப்புகளால் முடியவில்லை.

அரசு வேலை சரிவதற்குப் பொருளாதாரப் பின்னடைவு தேவையில்லை என்பதை 2025 ஆம் ஆண்டு காட்டியது. டொனால்ட் டிரம்ப் நிர்வாகம் முன்வைத்த ஒத்திவைக்கப்பட்ட பதவி விலகல் திட்டத்தை மட்டும் சுமார் ஒன்றரை லட்சம் மத்திய அரசு ஊழியர்கள் ஏற்றனர். பணியில் சேர்ந்து தகுதிகாண் காலத்தில் இருந்த பலர் அவ்வாண்டின் தொடக்கத்திலேயே நீக்கப்பட்டனர். அந்நடவடிக்கைகள் நீதிமன்றங்கள் வரை சென்றன.

எண்களை எவ்வாறு வாசிப்பது?

எந்தவொரு பின்னடைவிலும் அரசு வேலைகள் கூடின, தனியார் வேலைகள் குறைந்தன என்ற செய்தி வரும்போது, அது எந்த மாதங்களுக்கான கணக்கு என்பதை முதலில் பார்க்க வேண்டும். 2009 ஆம் ஆண்டோடு கணக்கை முடித்தால் அரசு ஊழியர் தப்பியவராகத் தெரிவார். 2010 இல் கணக்கைத் தொடங்கினால் அவரே முதன்மையாகப் பாதிக்கப்பட்டவராகத் தெரிவார். இரு தரப்பு அரசியல்வாதிகளும் தங்களுக்கு வசதியான ஆண்டையே தேர்ந்தெடுத்தனர்.

அடுத்து, வேலை எண்ணிக்கைக்குள் யார் அடங்குகிறார்கள், தற்காலிகப் பணிகள் எவ்வளவு, ஊதியமில்லா விடுப்பு எங்கே மறைந்திருக்கிறது என்பவற்றையும் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தத் தாமதத்துக்கு ஒரு மதிப்பு உண்டு. தனியார் துறை வீழ்ந்த மாதங்களில் சுமார் 2 கோடியே 24 லட்சம் குடும்பங்களுக்கு ஊதியம் தொடர்ந்து வந்தது, வீழ்ச்சியின் வேகத்தைத் தணித்தது. ஆனால் அதன் விலையைப் பின்னர் செலுத்தியவர்கள் பெரும்பாலும் முடிவெடுத்தவர்கள் அல்லர். கடைசியாகப் பணியில் சேர்ந்த இளம் ஆசிரியர்களும், ஓய்வூதியத்தில் வாழ்ந்த முதியவர்களும், வெள்ளிக்கிழமைகளில் பூட்டிய பள்ளிக்கூட வாசலில் நின்ற பிள்ளைகளுமே அந்த விலையைக் கொடுத்தார்கள்.